பாப்-அப் ஹெட்லைட் ஏற மறுத்தால்: மோட்டாரைக் கழற்றும் முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

பாப்-அப் ஹெட்லைட் என்பது தேவைப்படும்போது மேலே எழுந்து, மற்ற நேரம் பாடிக்குள் மறைந்திருக்கும் விளக்கு. அதில் ஒரு விளக்கு வெளியே, ஒரு விளக்கு உள்ளே என்று கார் முழித்துக்கொண்டு நின்றால், பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்புத்தான் சொல்வார்கள்: "மோட்டார் போச்சு." பெரும்பாலும் போயிருக்காது. மோட்டாருக்கு வர வேண்டிய கரண்ட் வழியிலேயே பாதி தொலைந்திருக்கும்; இல்லையென்றால் மோட்டார் தள்ள வேண்டிய கம்பியும் கீலும் இறுகியிருக்கும். வெளிநாட்டிலிருந்து ஒரு மோட்டார் வரவழைக்கிற செலவையும் காத்திருப்பையும் நினைத்தால், கழற்றுவதற்கு முன் அரை நாளைச் சோதனைக்கு ஒதுக்குவது லாபம்தான்.

இந்தக் கார்களின் வயதை மறக்கக் கூடாது. 1936-இன் கார்ட் 810 காரில் டாஷ்போர்டில் இருந்த கைப்பிடியைச் சுற்றித்தான் விளக்கை வெளியே கொண்டுவந்தார்கள். 1963 கார்வெட்டில் அந்த வேலைக்கு மின்மோட்டார் வந்தது. 2004-இல் கார்வெட் சி5, லோட்டஸ் எஸ்பிரிட் இரண்டும் உற்பத்தி முடிந்ததோடு பெரிய அளவில் இந்த விளக்குகளின் கதையும் முடிந்தது. ஆக, இன்று நம் கையில் இருக்கும் எந்த பாப்-அப் காரும் இருபது வயதுக்கு மேல். அதன் ஒயரும் கிரீஸும் எர்த் போல்ட்டும் (கரண்ட் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) அதே வயதுதான்.

மதுரைப் பக்கம் இவை விரல்விட்டு எண்ணும் அளவுக்கே உண்டு. இருக்கிற ஒன்றிரண்டும் ஷெட்டிலேயே நாளைக் கழிக்கின்றன. வெயிலில் கிரீஸ் காய்கிறது. மேலூர்ப் பக்கத்துக் கல் தூசியும் செம்மண்ணும் இடுக்குகளில் இறங்குகின்றன. ஐப்பசி மழை அதன் மேல் ஈரத்தைச் சேர்க்கிறது. ஓடிக்கொண்டே இருக்கிற காரைவிட, ஓடாமல் நிற்கிற காரில்தான் இந்தக் கோளாறு அதிகம்.

எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும்

நான் அதிகம் கை வைத்தது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 முதல் 1997 வரை வந்தது. இதில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி மோட்டார். மோட்டார் எப்போதும் ஒரே பக்கம்தான் சுற்றும். அதன் தண்டில் ஒரு கிராங்க் கை. அது அரைச் சுற்று சுற்றினால் விளக்கு மேலே, அடுத்த அரைச் சுற்றில் விளக்கு கீழே. எங்கே நிற்க வேண்டும் என்பதை மோட்டாருக்கு உள்ளேயே இருக்கும் ஒரு செம்புத் தகடு தீர்மானிக்கிறது. தகட்டின் பாதை அறுபடும் இடத்தில் கரண்ட் நின்றுவிடும், மோட்டாரும் நின்றுவிடும். இந்த அமைப்பு புரிந்தால் பாதிக் கோளாறுகள் தானாகவே புரியும்.

பான்டியாக் ஃபியரோ, ஃபயர்பேர்ட் போன்ற அமெரிக்கக் கார்களில் வேறு மாதிரி. அங்கே பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறி, மோட்டார் ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது எதிர்ப்பக்கமும் சுற்றும். போர்ஷே 944-இல் ஒரே ஒரு மோட்டார். ஒரு குறுக்குத் தண்டுதான் இரண்டு விளக்கையும் தூக்குகிறது. அதில் ஒரு பக்கம் மட்டும் ஏறவில்லை என்றால் மோட்டாரைச் சந்தேகிக்கவே வேண்டாம், தண்டையும் இணைப்பையும் பாருங்கள். சில பழைய கார்களில் மோட்டாரே கிடையாது, வாக்யூம்தான் (காற்றை உறிஞ்சும் விசை) வேலை செய்யும். அவற்றுக்கு இந்த வழிகாட்டி உதவாது.

உங்கள் காருக்கான ஒயரிங் படம் கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். எந்த நிறம் எங்கே போகிறது என்று யூகிப்பது வேலையை இரண்டு மடங்காக்கும்.

கருவிகளும், விரல் பத்திரமும்

ஒரு மல்ட்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்துக் கட்டிய நீள ஒயர் இரண்டு, 10 மற்றும் 12 ஸ்பேனர்கள், உப்புத்தாள், துரு இளக்கும் ஸ்பிரே. இவ்வளவு போதும். டெஸ்ட் லேம்புக்கு எல்இடி வைத்தது வேண்டாம். இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் பற்ற வைத்து நீங்களே செய்துகொள்ளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

விளக்கு மூடி மூடும் வேகத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். வார்ம் கியர் போட்ட மோட்டார் அது; நடுவில் விரல் இருந்தாலும் நிற்காது. கையை உள்ளே விடுவதற்கு முன் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் போதும் என்று நினைப்பது ஆபத்து. பாதியில் நின்ற விளக்கு, கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளக்) தொட்டு ஆட்டிய மறுநொடி கிளம்பும்.

என்ன செய்கிறது என்று கவனியுங்கள்

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒருவர் உள்ளே உட்கார்ந்து சுவிட்ச் போடட்டும், நீங்கள் பானட்டைத் திறந்து முன்னால் நின்று கேளுங்கள்.

எந்தச் சத்தமும் இல்லை, இரண்டும் அசையவில்லை என்றால் பொதுவான இடத்தில் தவறு: ஃபியூஸ், சுவிட்ச், ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின்சுவிட்ச்), பேட்டரி. அப்போது பல்பு எரிகிறதா என்று பாருங்கள். பல்புக்கும் மோட்டாருக்கும் வெவ்வேறு சர்க்யூட் என்பதால், விளக்கு உள்ளே இருந்தபடியே எரியும். இருட்டில் மூடியின் இடுக்கில் வெளிச்சம் கசியும். எரிந்தால் சுவிட்சின் அந்தப் பகுதி சரி. பார்த்தவுடன் அணைத்துவிடுங்கள், மூடிய பெட்டிக்குள் பல்பு எரிவது பிளாஸ்டிக்குக்கு நல்லதல்ல.

ஒன்று மட்டும் அசையவில்லை என்றால் அந்தப் பக்கத்துக் கப்ளர், எர்த், மோட்டார்.

மோட்டார் விர்ரென்று சுற்றுகிறது, விளக்கு அசையவில்லை என்றால் கரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கியர் பல் போயிருக்கும், அல்லது கிராங்க் கையின் நட்டு தளர்ந்திருக்கும், அல்லது இணைப்புக் கம்பி பந்து மூட்டிலிருந்து கழன்றிருக்கும்.

மெதுவாக, முக்கி முக்கி ஏறுகிறது என்றால் வோல்டேஜ் குறைவு அல்லது இறுக்கம். இதுதான் மிக அதிகம் வருவது; இந்தக் கட்டத்திலேயே கவனித்தால் மோட்டார் பிழைக்கும். கவனிக்காமல் விட்டால் திணறித் திணறியே சூடாகி உண்மையிலேயே எரிந்துபோகும்.

நிற்காமல் ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கண்ணடித்துக்கொண்டே இருந்தால், உள்ளே இருக்கும் செம்புத் தகட்டில் அழுக்கு, அல்லது அதைத் தொடும் விரல் வளைந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு வேடிக்கைதான், ஆனால் உடனே ஃபியூஸைப் பிடுங்குங்கள்.

ஏறுகிறது, இறங்கவில்லை என்றால் மோட்டாரும் எர்த்தும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று அர்த்தம். இறக்கும் ஒயர், ரிலேயின் மறுபக்கக் கான்டாக்ட், செம்புத் தகட்டின் மறுபாதி என்று தேட வேண்டிய இடம் சுருங்கிவிடுகிறது.

முதல் படி: பேட்டரி

நின்ற நிலையில் 12.6 வோல்ட், என்ஜின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.4 வரை. 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள்; அதுவரை எந்த அளவும் நம்பிக்கைக்கு உரியதல்ல. டெர்மினலில் வெள்ளை பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இரண்டாம் படி: கையால் சுற்றிப் பாருங்கள்

பேட்டரி மைனஸ் கழன்ற நிலையில் மோட்டாரின் மேல் இருக்கும் ரப்பர் மூடியை எடுங்கள். எம்எக்ஸ்-5-இல் அதன் அடியில் ஒரு குமிழ் இருக்கும். மோட்டார் கைவிட்டாலும் விளக்கை ஏற்றுவதற்காகவே கம்பெனி வைத்த ஏற்பாடு அது. சுலபமாகச் சுற்றும் பக்கம் சுற்றுங்கள். பொறுமை வேண்டும், பல சுற்றுக்குப் பிறகுதான் விளக்கு கண்ணுக்குத் தெரியும்படி நகரும். ஒரே சீராகச் சுற்றினால் நல்லது. ஓர் இடத்தில் மட்டும் இறுகினால் அந்த இடத்தில் விளக்கை நிறுத்திவிட்டு சுற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மூடி பாடியில் உரசுகிறதா? எங்கேயாவது மோதி டிங்கரிங் செய்த கார் என்றால் ஃபெண்டர் ஒரு நூலளவு உள்ளே வந்திருந்தாலும் போதும். பெயின்ட் தேய்ந்த கோடு காட்டிக்கொடுக்கும். குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா? அணில் தேங்காய் நார் கொண்டுவந்து அடைத்திருக்கிறதா? சிரிக்க வேண்டாம், நிறுத்திவைத்த காரில் விளக்குப் பெட்டியைவிட அவற்றுக்கு வசதியான இடம் கிடையாது. கூடவே எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, இணைப்புக் கம்பியைப் பந்து மூட்டிலிருந்து நெம்பிக் கழற்றுங்கள். இப்போது விளக்கு மோட்டாரிலிருந்து விடுபட்டிருக்கிறது. கையால் மேலும் கீழும் ஆட்டினால் எந்த உறுத்தலும் இல்லாமல் முழு தூரமும் போய்வர வேண்டும். சில கார்களில் எடைக்கு ஸ்பிரிங் உண்டு, அது இழுக்கும், பிடித்துக்கொள்ளுங்கள். கீல் இறுகியிருந்தால் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். ஆனால் அந்த ஸ்பிரேயே கிரீஸ் ஆகிவிடாது. மறுநாள் துடைத்துவிட்டு உண்மையான கிரீஸ் வையுங்கள், இல்லையென்றால் ஒரே மாதத்தில் தூசி அப்பிப் பழையபடி இறுகிவிடும்.

இந்தப் படி முடிவதற்குள்ளேயே பல கார்கள் சரியாகிவிடுகின்றன.

மூன்றாம் படி: ஃபியூஸ்

எம்எக்ஸ்-5-இல் பானட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் ரிட்ராக்டருக்கென்று (விளக்கை ஏற்றி இறக்கும் அமைப்பு) தனியாக 30 ஆம்பியர். கண்ணால் பார்த்துத் திருப்திப்படாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஃபியூஸின் கால்களையும், அது உட்காரும் கிளிப்பையும் சேர்த்து. கிளிப் பழுப்பேறிப் பிளாஸ்டிக் உருகியிருந்தால் அங்கேயே வோல்டேஜ் தின்கிறது.

ஃபியூஸ் அடிக்கடி போனால் மோட்டார் எங்கோ ஜாம் ஆகிறது அல்லது ஒயர் பாடியில் உரசுகிறது. விளக்கோடு சேர்ந்து மடங்கி மடங்கி நிமிர்கிற அந்தக் கொத்து ஒயரை முதலில் பாருங்கள். பெரிய ஃபியூஸ் போடுவதும், செம்பு இழை சுற்றுவதும் கார் எரிவதற்கான வழி.

நான்காம் படி: எர்த்

என்னைக் கேட்டால் இந்த ஒரு படிக்காகவே வழிகாட்டி எழுதலாம். இரண்டாவது, மூன்றாவது முறை பெயின்ட் அடித்த காரில் எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருக்கும். அடித்தவர் போல்ட்டைக் கழற்றி, அழகாக அடித்து, அதன் மேலேயே லக்கை (ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) திரும்ப முடுக்கியிருப்பார். போல்ட் மரை வழியாக மட்டும் கொஞ்சம் கரண்ட் போகும். பல்புக்கு அது போதும், மோட்டாருக்குப் போதாது.

விளக்குக்குப் பக்கத்தில் உள்தகட்டில் முடுக்கியிருக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றுங்கள். லக், தகடு, போல்ட் மூன்றையும் பளபளவென்று தெரியும்வரை உப்புத்தாள் போடுங்கள். பல் வைத்த வாஷர் வைத்து முடுக்குங்கள். அதற்குப் பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முன்னால் தடவக் கூடாது. லக்குக்குள் ஒயர் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் ஒரு விரற்கடை வெட்டி, நல்ல செம்பு வரும் இடத்தில் புது லக் வையுங்கள். களிம்பு ஒயரின் உறைக்குள்ளேயே வெகுதூரம் ஏறியிருக்கும், வெட்ட வெட்டக் கறுப்பாகவே வந்தால் அந்தத் துண்டையே மாற்றிவிடலாம்.

எர்த் ஒயரின் நிறம் தேசத்துக்கு ஒன்று. ஜப்பான் கார்களிலும் பிரிட்டிஷ் கார்களிலும் கறுப்பு. ஜெர்மன் கார்களில் பழுப்பு. கறுப்பில் கோடு போட்டிருந்தால் அது எர்த் அல்ல என்று வைத்துக்கொண்டு ஒயரிங் படத்தைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: லோடு இருக்கும்போது (கரண்ட் இழுக்கப்படும்போது) அளவு எடுங்கள்

கப்ளரைக் கழற்றி, மீட்டரை வைத்து, "12 வோல்ட் வருகிறது, மோட்டார்தான் போச்சு" என்று முடிவு கட்டுகிறார்களே, பெரும்பாலான நல்ல மோட்டார்கள் குப்பைக்குப் போவது அந்த ஒரு நிமிடத்தில்தான். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒரே இழையில் தொங்கினாலும் மீட்டர் 12 காட்டும். மோட்டாரை மாட்டியதும் அது 6-க்கு விழுந்துவிடும்.

கணக்கு எளிது. கப்ளரில் களிம்பால் 0.1 ஓம் தடை ஏற்பட்டிருக்கிறது, மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கிறது என்றால் அந்த இடத்திலேயே 1 வோல்ட் போய்விட்டது. ஃபியூஸ் கிளிப், ரிலே, கப்ளர், எர்த் என்று நான்கு இடத்தில் இப்படிப் போனால் மோட்டாருக்கு 8 வோல்ட்தான் மிஞ்சும்.

அதனால்தான் அந்த 21 வாட் பல்பு. அது 1.75 ஆம்பியர் இழுக்கும். கப்ளரில் மோட்டாருக்குப் பதில் அதை மாட்டிச் சுவிட்ச் போடுங்கள். பேட்டரியில் நேராக வைத்தால் எரிகிற அளவுக்கு இங்கேயும் எரிய வேண்டும். இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்றால் எச்4 பல்பின் 55 வாட் இழை, 4.5 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். மங்கினால் வழியில் தவறு.

தவறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, மோட்டாரை மாட்டியபடியே கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்து அளவெடுங்கள். ஒருவர் சுவிட்ச் போடட்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை மோட்டாரின் பிளஸ் ஒயரில்; மோட்டார் சுற்றும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பிளஸ் வழியில் குறை. பிறகு ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை மோட்டாரின் எர்த் ஒயரில்; 0.2-க்கு மேல் காட்டினால் எர்த்தில் குறை. இரண்டும் சரியாக இருந்து, மோட்டாருக்கு 11.5-க்கு மேல் போய்ச் சேர்ந்தும் அது அசையவில்லை என்றால், சரி, இப்போது மோட்டாரைக் குறை சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கப்ளரைப் பற்றி ஒரு வார்த்தை. வாட்டர் சர்வீஸில் விளக்கை மேலே ஏற்றி வைத்து அந்தப் பள்ளத்துக்குள் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். தண்ணீர் நேராக மோட்டாருக்கும் கப்ளருக்கும்தான் போகும். அதன் பிறகு டீசல் அடிப்பார்கள். அது ரப்பரை ஊதவைத்துத் தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

ஆறாம் படி: ரிலேயும் சுவிட்சும்

ரிலே மேல் விரல் வைத்துச் சுவிட்ச் போடச் சொல்லுங்கள். 'டிக்' என்று தட்டினால் காயில் வேலை செய்கிறது. கான்டாக்ட் கருகியிருக்கலாம் என்பதால் 'டிக்' கேட்டதோடு விடக் கூடாது; 30, 87 என்று எண் போட்ட கால்களுக்கிடையே லோடில் வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று அளந்தால் தெரிந்துவிடும். தட்டவே இல்லை என்றால் 85, 86 கால்களுக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள்.

பக்கத்துக் கடையில் கிடைக்கிற ரிலேயை அப்படியே குத்திப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. பழைய ஜப்பான் ரிலேக்களில் கால்கள் இருக்கும் இடம் ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே இணைப்பு வேறாக இருக்கலாம். அதே காரில், அதே எண் போட்ட இன்னொரு ரிலே இருந்தால் மட்டும் மாற்றிப் பாருங்கள்.

ஏழாம் படி: நேரடிக் கரண்ட்

கப்ளரைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராகக் கொடுங்கள். இருபக்கமும் சுற்றும் வகை என்றால் பிளஸ் மைனஸை மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஏறும், இறங்கும். எம்எக்ஸ்-5 வகையில் எர்த்தை மாட்டிவிட்டு, ஒயரிங் படத்தில் காட்டிய ஏற்றும் ஒயருக்குக் கொடுத்தால் அரைச் சுற்றில் தானாக நிற்க வேண்டும்; இறக்கும் ஒயருக்குக் கொடுத்தால் மீதி அரைச் சுற்று. நிற்காமல் சுற்றினால் செம்புத் தகடு. அசையாமல் உறுமினால் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள்.

எட்டாம் படி: மோட்டாரைத் திறப்பது

கழற்றுவதற்கு முன் கிராங்க் கையும் தண்டும் சேரும் இடத்தில் ஊசியால் கோடு கிழித்துவிடுங்கள். கை ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் விளக்கு அரையும் குறையுமாக நிற்கும். அதேபோல் மோட்டாரின் உருளைக்கும் மூடிக்கும் குறுக்கே ஒரு கோடு. உருளைக்குள் காந்தங்கள் ஒட்டியிருக்கின்றன. அதை அரைச் சுற்று திருப்பி மாட்டிவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், பிறகு எங்கே தவறு என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். உருளையைச் சுத்தியலால் தட்டவும் கூடாது. காந்தம் பீங்கான் ஜாதி, உடைந்துவிடும்.

திறந்ததும் மெழுகு மாதிரி இறுகிய பழுப்புக் கிரீஸ் இருக்கும். மரக்குச்சியால் வழித்தெடுங்கள். இரும்புப் பாகங்களுக்கு மண்ணெண்ணெய் சரி. நைலான் கியருக்கும் செம்புத் தகட்டுக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணி. தகட்டைத் துடைத்தபின் அதைத் தொடும் பித்தளை விரல்களை ஒரு மயிரிழை மேலே தூக்கிவிட்டால் அழுத்தம் திரும்ப வரும். அதிகம் வளைத்தால் ஒடிந்துவிடும்.

புதுக் கிரீஸ் பிளாஸ்டிக்குக்கு ஒத்துப்போகும் வெள்ளை லித்தியம் கிரீஸாக இருக்கட்டும். லாரிக்கு வைக்கும் கறுப்புக் கிரீஸ் வேண்டாம். கொஞ்சமாக வையுங்கள், சித்திரை வெயிலும் என்ஜின் சூடும் சேர்ந்தால் மிச்சக் கிரீஸ் இளகி ஓடிச் செம்புத் தகட்டில் படர்ந்துவிடும்.

கார்பன் பிரஷ் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது என்றால் மாற்றுங்கள். இந்தக் காருக்கென்று கார்பன் கடையில் கிடைக்காது. பெரிதாக ஒன்றை வாங்கி உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் மிக்ஸி கார்பனை வாங்காதீர்கள். அது 230 வோல்ட்டுக்கானது, தடை அதிகம். 12 வோல்ட் மோட்டாருக்குச் செம்பு கலந்த கார்பன் வேண்டும். வைப்பர் மோட்டார் கார்பன் கேளுங்கள். மதுரையில் காயில் கட்டும் அண்ணன் ஒருவர் ஒரு மோட்டாரைத் திறந்த வேகத்தில் என்னிடம் நீட்டினார்: "தம்பி, காயில் கருகவே இல்ல. கார்பன் தேஞ்சுபோச்சு, அம்புட்டுதான். இதுக்குப்போயி புதுசு வாங்குவாகளா?" அவர் வேறு எந்தச் சோதனையும் செய்யவில்லை, மோந்து பார்த்தே சொன்னார். கருகிய வார்னிஷ் வாசனை ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. அந்த வாசனை வந்தால் ஆர்மேச்சரை (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) அவர் மாதிரி ஒருவரிடம் விட்டுவிடுங்கள். மறுபடி கட்டித் தருவார்கள்.

ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளை நைசான உப்புத்தாளால் சுற்றித் துடைத்து, பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் கோடுகளில் அடைத்த கார்பன் தூளை ஊசியால் நெம்பி எடுங்கள். பக்கத்துப் பட்டைகளுக்கிடையே ஓம் அளவு சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எந்தப் பட்டைக்கும் தண்டுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. காந்தம் பசை விட்டு நகர்ந்திருந்தால் ஆர்மேச்சரை உரசிக்கொண்டிருக்கும். சூடு தாங்கும் எபாக்ஸி வைத்துப் பழைய இடத்திலேயே ஒட்டலாம்.

ஃபியரோவின் பிந்தைய மாடல், ஃபயர்பேர்ட் வகைகளில் கியருக்குள் மூன்று சிறிய பிளாஸ்டிக் உருளைகள் அதிர்ச்சி தாங்க வைத்திருப்பார்கள். அவை பொடியாகிப்போனால்தான் மோட்டார் சுற்றும், விளக்கு அசையாது. இது வெளிநாட்டுக்கு ஆர்டர் போடுகிற சமாச்சாரமே இல்லை. பொடியாகாத ஒரு துண்டாவது கிடைத்தால் அதை லேத் பட்டறைக்கு எடுத்துப்போங்கள், டெல்ரின் (ஒருவகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) கம்பியில் கடைந்து தருவார்கள். நைலானும் ஆகும்; ஆனால் நைலான் ஈரம் குடித்து உப்பும், டெல்ரின் அவ்வளவு குடிக்காது. சிலர் பித்தளையில் கடையச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. மூடி எங்காவது சிக்கினால் முதலில் உடைய வேண்டியது மலிவான அந்த உருளைதான். அதைப் பித்தளையாக்கிவிட்டால் அடுத்து உடைவது கியர் அல்லது மோட்டார்.

மூடும்போது மூடியைச் சுற்றிப் புது கேஸ்கட் அல்லது மெல்லிய சிலிக்கான் பசை. தண்ணீர் வெளியேற அடியில் ஓட்டை இருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: மாட்டி, மட்டம் பார்ப்பது

கோட்டுக்குக் கோடு வைத்து கிராங்க் கையை முடுக்குங்கள். கரண்ட் கொடுப்பதற்கு முன் குமிழைக் கையால் சுற்றி ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். மூடிய நிலையில் மூடி பானட்டோடு சமமாக இல்லை என்றால் இணைப்புக் கம்பியின் நீளத்தையும் ரப்பர் ஸ்டாப்பரையும் திருகிச் சரிசெய்யலாம். கம்பி நீளம் தப்பினால் மோட்டார் முட்டி நிற்கும், அதனால் கால் திருகு திருகிவிட்டுப் பாருங்கள், அவசரம் வேண்டாம்.

ஏறி நிற்கும் உயரம் மாறினால் வெளிச்சம் விழும் இடமும் மாறும். சமதளத்தில் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறியுங்கள். டிப் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் குறிக்கு ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். வெளிச்சம் மேலேறும் பக்கம் இடதாக இருக்க வேண்டும்; அமெரிக்காவிலிருந்து வந்த விளக்கு வலப்பக்கம் ஏறி எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும். எம்எக்ஸ்-5-க்கு இதில் ஒரு அதிர்ஷ்டம்: அதன் விளக்கு 7 அங்குல வட்டம். அம்பாசடருக்கும் ஜீப்புக்கும் புல்லட்டுக்கும் போட்ட அதே அளவு. எச்4 பல்பு போடும் நல்ல கண்ணாடி விளக்கு உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். கனமான எல்இடி விளக்கு வாங்கினால் அந்த எடையைத் தூக்குவதும் இதே பழைய மோட்டார்தான். 100 வாட் பல்பு போட்டால் ஒன்றுக்கு 8 ஆம்பியருக்கு மேல். பழைய ஒயருக்கும் சுவிட்சுக்கும் அது தாங்காது, தனி ரிலே இல்லாமல் போடக் கூடாது.

சரியானபின் மாதம் இரண்டு முறையாவது, கார் வெளியே போகாவிட்டாலும், என்ஜினை ஓடவிட்டு விளக்கை ஏற்றி இறக்குங்கள். மோட்டார் தண்டும் கீலும் ஒரே இடத்தில் இறுகாமல் இருக்கும்.

இரவில், வழியில் நின்றுவிட்டால்

நத்தம் சாலையிலோ திருமங்கலம் தாண்டியோ இருட்டுகிற நேரத்தில் ஒரு விளக்கு ஏறவில்லை என்றால் காரை ஓரங்கட்டி, ஹசார்டு போட்டு, என்ஜினையும் சுவிட்சையும் அணையுங்கள். ரிட்ராக்டர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் குமிழைச் சுற்றி விளக்கை முழுதாக மேலே கொண்டுவாருங்கள். கிராங்க் கை உச்சிக்கு வந்து நின்றுவிட்டால் காற்றும் குலுக்கலும் அதைக் கீழே தள்ளாது. நல்ல விளக்கு கீழே இருந்தால் அதையும் இதேபோல் ஏற்றிவிடுங்கள். ஃபியூஸைத் திரும்பப் போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டு வீடு வந்து சேருங்கள். பல்பின் சர்க்யூட் தனி என்பதால் அது எரியும். குமிழே சுற்றவில்லை என்றால் இணைப்புக் கம்பியை நெம்பிக் கழற்றி, விளக்கைக் கையால் தூக்கி, அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். பல்பின் ஒயரில் கயிறு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.